அக்கினிச் சிறகுகளில் ஒரு பக்கம்

விஞ்ஞானியாயிருந்து 2002 இல் இந்திய ஜனாதிபதியான ஏ. பி. ஜே. அப்துல் கலாமின் சுயசரிதை, அருண் திவாரியின் துணையுடன் 1999 இல் வெளிவந்தது. பதவிக்கு முந்திய நூலாகலின், அதில் ஜனாதிபதியைத் தேடுவோர் ஏமாறுவர்.

இராமேசுவரத்திலே தந்தையார் மரப்படகு கட்டும் பகுதி சுவை மிக்கது. யாத்திரிகரைத் தனுக்கோடிக்கு ஏற்றிச்செல்லக் கட்டிய அப்படகைப் புயல் கொண்டுபோயிற்று. 2021 இல் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறாரை இழந்த குறிஞ்சாக்கேணியார்க்கு அப்பகுதியை விளக்க வேண்டுவதில்லை. பின்வரும் ஏவுகணை அத்தியாயங்களோ கந்தோர்க் கோவைபோல் வறண்டு கிடக்கின்றன. குழுக்களின் பெயர்கள் மலிய, மனிதர் மறைகின்றனர்.

ஆயினும் ஓரிடம் அக்குறையை மறக்கச் செய்கின்றது. 1979 ஆகஸ்ட் 10 இல் எஸ். எல். வி. 3 ஏவப்பட்டு, 317 வினாடிகளிற் கடலில் வீழ்ந்தது. ஆய்வுக் கூட்டத்திலே சகாக்கள் தொழினுட்பக் காரணங் காட்டி அமைந்தனர். திட்டத் தலைவரான கலாமோ எழுந்து, ஏவுமுன் கண்ட நைத்திரிக்கமிலக் கசிவை அற்பமென மதித்தது தம் பிழையே என்றார். ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்றும் ஒப்பினார். 1980 யூலை 18 இல் உரோகிணி விண்ணேறியதை விவரிக்கும் பக்கங்களினும் இதுவே கனமுடையது. நூலை முதன்முறை கையிலெடுக்கும் மாணவர் இவ்வத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம்.