வினா எங்கே நிற்கிறது? நன்னூலின் வினாக் கோட்பாடு குறித்து ஒரு திறனாய்வு

பவணந்தியார் வினாவை நன்னூலில் ஈரிடத்துப் பேசுகிறார். எழுத்ததிகாரம் வினாவெழுத்துகளைச் சுட்டுகிறது. சொல்லதிகாரம் அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினாவை அறுவகைப்படுத்துகிறது. முன்னது வடிவம், பின்னது நோக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே, வாக்கியத்தின் எச்சொல் வினாவை ஏற்கிறது என்னும் கேள்வி விடுபட்டுள்ளது.

'நீ நாளை ஆவடிக்குப் போகிறாயா?' என்பது பயணம் உண்டா என்று கேட்கிறது. 'நீ நாளை ஆவடிக்கா போகிறாய்?' என்பதில் பயணம் உறுதி. ஐயம் ஊரைப் பற்றியது மட்டுமே. 'நாளையா', 'நீயா' என ஆகாரம் இடம் மாறுந்தோறும் கேட்கப்படும் பொருளும் மாறுகிறது. சொற்களின் வரிசையோ அப்படியே நிற்கிறது. சுவீடிய மொழியில் நிலைமை வேறு. அங்கே 'டு கொம்மர்' (நீ வருகிறாய்) என்பது 'கொம்மர் டு' என வினைச்சொல் முன்னேறியதும் வினாவாகிவிடும், வினாவிகுதி வேண்டா. ஆனால் ஊரையோ நாளையோ மட்டும் ஐயுற்றுக் கேட்க, பெரும்பாலும் வாக்கியத்தையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கும். தமிழ் ஓரெழுத்தால் முடிக்கும் வேலை அது.

இது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் பாதுகாப்புத்துறை ஆலைகளிலும் பணிபுரிவோருள் இந்தி பேசுவோரும் உளர். இந்தியில் ஆம்-இல்லை வினாவுக்குரிய 'க்யா' வழக்கமாக வாக்கியத்தின் முதலில் வரும். பேச்சில் குரலேற்றமே போதும். அவர்களுக்கு வினைமுற்றின் ஈற்றில் ஆகாரம் சேர்க்க மட்டும் கற்பித்தால், 'பூந்தமல்லிக்கா போகிறீர்கள்?' என்பது பிடிபடாது. இவ்வினாவுக்கு 'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் விடை முற்றுப்பெறுவதில்லை. 'அம்பத்தூருக்கு' என்று தொடர்ந்தாக வேண்டும்.

ஏகார ஓகாரங்களை ஆகாரத்தோடு ஒருங்கே வைத்துப் பள்ளி இலக்கணம் இன்றும் கற்பிப்பது மற்றொரு குறை. இக்காலத் தமிழில் 'வந்தானே' பெரும்பாலும் தேற்றம். 'வருவானோ' பெரும்பாலும் ஐயம், பலபோது விடையை எதிர்பாராத தனிமொழி. நேரே விடை வேண்டிக் கேட்பது ஆகாரமே. பட்டியல் பழையது என்பது குற்றமன்று. வழக்கு மாறியதைச் சொல்லாமல் அதை ஒப்பிக்கச் செய்வதே குற்றம்.

ஆயினும் நன்னூலின் அறுவகைப் பகுப்பைப் பழமையென்று ஒதுக்குவது பிழை. அம்பத்தூரில் பகிர்வு ஆட்டோ ஓட்டுநர் சாலையோரத்தில் நிற்பவரிடம் 'ஆவடியா?' என்கிறார். அது அறியாமை வினாவாகலாம். இருக்கை தர முன்வருவதால் கொடை வினாவாகலாம். 'ஏறுங்கள்' என்னும் ஏவலும் அதில் ஒலிக்கிறது. அதே சொல்லை நிற்பவர் ஓட்டுநரிடம் கேட்டால் கொளல் வினாவின் சாயல் பெறும். வடிவம் ஒன்றே; பிரிப்பது கேட்பவர் நோக்கம். உரையாசிரியர்கள் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்து அமைந்ததால், ஒரே தொடர் பல வகைக்குரியதாகும் இவ்வியல்பு பேசப்படாமலே போயிற்று.