சொந்த மண்ணின் தங்கக் கணக்கு

1995 டிசம்பர் 18 முதல் 27 வரை, மெட்ராஸ் என்றே அன்று வழங்கிவந்த நம் நகரத்தில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில், இந்தியா 106 தங்கப் பதக்கங்களைக் குவித்தது என்பதும், இலங்கை 16, பாகிஸ்தான் 10, வங்கதேசம் 7, நேபாளம் 4 என ஏனைய நாடுகள் அனைத்தும் சேர்ந்து பெற்றவை 37 மட்டுமே என்பதும், தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்த அந்நாளைய ரசிகர்களுக்கு இன்றும் கர்வம் தரும் விஷயங்கள். அந்தக் கர்வத்தில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆயினும், அந்த எண்ணில் வீரர்களின் பலம் எவ்வளவு, சொந்த மண்ணின் சௌகரியம் எவ்வளவு என்று பிரித்தறிவது விமரிசகனின் கடமை.

இப்போட்டிகளின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1991இல் கொழும்பில் தன் ஜனங்களின் ஆரவாரத்துக்கிடையே 44 தங்கம் வென்ற இலங்கை, இரண்டே ஆண்டுகளில் டாக்காவில் 20ஆகவும், பிறகு சென்னையில் 16ஆகவும் இறங்கியது. சென்னையில் நான்கே தங்கத்துடன் திரும்பிய நேபாளம், 1999இல் காத்மாண்டுவில் 32 தங்கம் பெற்று, 2004இல் இஸ்லாமாபாத்தில் மீண்டும் 7க்கு வந்து நின்றது. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உறவினர் அனைவருக்கும் இலை போடுவதைப்போல, பிரயாணச் செலவில்லாத காரணத்தால் ஒவ்வொரு பிரிவிலும் முழு அணியை இறக்குவது உபசரிக்கும் நாட்டுக்கு எளிது; பழகிய மைதானமும், பழகிய சீதோஷ்ணமும், பழகிய ஆகாரமும் அத்துடன் சேர்ந்துகொள்கின்றன.

இந்தியாவோ, காத்மாண்டுவிலும் 102 தங்கம் வென்றதே என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம்தான், ஆனால், விசாலமான இத்தேசத்துக்குத் தெற்காசியா சரியான அளவுகோல் அன்று. சென்னைக்கு முந்தைய ஆண்டில், ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுகளில் நாம் பெற்ற தங்கம் நான்கே: டென்னிஸில் இரண்டு, கபடியில் ஒன்று, துப்பாக்கி சுடுதலில் ஜஸ்பால் ராணா வென்ற ஒன்று. மறுபுறம், சென்னையில் 16 தங்கத்துடன் திருப்தியடைந்த அந்தச் சிறிய இலங்கையோ, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் சுகத் திலகரத்னவையும் தமயந்தி தர்ஷாவையும் 400 மீட்டர் ஓட்டத்தின் சிகரத்தில் நிறுத்தியது; 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்கவின் மூலம் பதக்கமும் கண்டது.

ஆகவே, 106 என்ற கூட்டுத்தொகையைக் காட்டிலும், எதிராளி சமபலத்துடன் நின்ற இடங்களையே நாம் உற்றுநோக்க வேண்டும். கால்பந்து இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றது அப்படிப்பட்ட வெற்றி. தோற்ற அதே வங்கதேசம் அடுத்த போட்டியில் காத்மாண்டுவில் தங்கம் வென்றதே அதன் மதிப்பை உறுதிசெய்கிறது. அதே 1995இல் சென்னையில் ஷைனி வில்சன் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடிகளில் ஓடி நிலைநாட்டிய தேசிய சாதனையோ, 2010இல் டிண்டு லூகா முறியடிக்கும்வரை அசையாமல் நின்றது. எதிரிகள் பலவீனமானவர்கள் என்ற ஆட்சேபத்தைக் கடிகாரத்தின் முன் யாரும் எழுப்ப முடியாது.

இந்தப் பாடம் பழங்கதையன்று. 2024 ஜனவரியில் தமிழகம் ஏற்று நடத்திய கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் நம் மாநிலம் 38 தங்கத்துடன் இரண்டாம் ஸ்தானம் பெற்றது. மறு ஆண்டு பீகாரில் அது 15 ஆகியது. தமிழகம் நடத்திய அந்த 2024 போட்டிகளின் நீச்சல், 1995க்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகத்திலேதான் நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை எட்டுமுன்பே அங்கே வந்து அமர்ந்துவிட்ட அக்குளமும், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இயங்கும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் போன்ற தென் புறநகர்களின் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. பதக்கப் பட்டியல் ஒரு வாரத்தில் பழையதாகிவிடும். நாள்தோறும் விடியலில் நீந்துவதற்கு நீரும், ஓடுவதற்குத் தளமும், கண்டிப்பான பயிற்சியாளரும் இருக்குமானால் அந்த உபசாரம் தலைமுறைகளுக்குப் பலன் தரும்.

ஆதலின், இனி நம் ஊரில் எந்தப் பெரும் போட்டி நடந்தாலும், நிறைவு விழாவன்று தங்கத்தை எண்ணித் தீர்ப்பெழுத வேண்டாம். அதற்கடுத்த போட்டியில், அயலூர் மைதானத்தில், நமக்காகக் கைதட்ட ஒருவரும் இல்லாத இடத்தில், நம் பிள்ளைகள் முன்னிலும் விரைவாக ஓடுகிறார்களா, நீந்துகிறார்களா என்று பார்த்துச் சொல்வதே நேர்மையான கணக்கு.