ஒலிவாங்கி யார் கையில்?

மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருக்கும் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1935-ல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி, தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்து 'ஆகாசவாணி' ஒலிபரப்பைத் தொடங்கிய ஊர் இது. அந்தப் பெயரே பின்னாளில் அகில இந்திய வானொலிக்கும் வழங்கலாயிற்று.

ஆனால் பெருமை மட்டும் போதுமா? படித்தவர் பேசுவார், வித்வான் பாடுவார், மத்தவங்க கேட்டுக்கணும். வானொலி என்றால் இப்படித்தான் என்று நாம் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்தை உடைத்தது நம் கர்நாடகத்திலேயே கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டை. கிராமத்தாருக்கு வானொலி உரிமம் கிடைக்காத காலம் அது. 'நம்ம த்வனி' குழுவினர் சோர்ந்து உட்காரவில்லை. தாங்களே தயாரித்த நிகழ்ச்சிகளைக் கேபிள் வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருந்தது. ஆனாலும் தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2006-ல்தான் வழி பிறந்தது. 2008-ல் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் 'சங்கம் ரேடியோ' ஒலித்தது. அதை நடத்தியவர்கள் தலித் பெண்கள். விதை, விவசாயம், நாட்டுப்பாட்டு என்று தாங்கள் அறிந்ததைத் தங்கள் பேச்சுமொழியிலேயே பேசினார்கள்.

குறையும் உண்டு. 2006-ன் கொள்கை செய்தி ஒலிபரப்பைத் தடுத்தது. தன் ஊர்ச் சேதியைச் சொல்ல முடியாத ஊர்க்குரல் அரைக்குரல்தானே? இன்னொன்று: மைக்கைக் கொடுத்துவிட்டு, என்ன பேசணும் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்தால், அது பழைய கதைதான்.

அந்தக் குறை நம்மிடமும் இல்லையா? இந்த மாதிரி விழா மலர்களில் எழுதுவது பட்டம் பெற்ற சிலரே, நான் உட்பட. என் தெருப் பாட்டி ஒருவர், பிழைக்க வந்த காலத்தில் கன்னடம் தெரியாமல் கடைகடையாய்ச் சைகை காட்டிச் சாமான் வாங்கிய கதையை அழகாய்ச் சொல்வார். அது எந்த மலரிலும் வந்ததில்லை. "நான் என்னத்தைப் பேசறது, எழுதப் படிக்கத் தெரியாதவ" என்பார். அப்படி நினைக்க வைத்தது யார்?

நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத வராது. ஆனால் கைபேசியில் பதிவு செய்யத் தெரியும். பாட்டி பேசட்டும், பேத்தி பதியட்டும், நாம் எழுதித் தருவோம். அடுத்த மலரில் என் கட்டுரைக்கு இடமில்லாமல் போனால், சத்தியமாய் எனக்கு மகிழ்ச்சிதான்.