வாந்திப் பையும் விருந்துத் தட்டும்

ஸ்வீடனின் மால்மோ நகரில் 2018இல் 'அருவருப்பான உணவு அருங்காட்சியகம்' திறக்கப்பட்டது. நுழைவுச் சீட்டே ஒரு வாந்திப் பைதான். உள்ளே பல நாட்டு உணவுகள் 80: சார்டினியாவின் புழு நெளியும் பாலாடைக்கட்டி, ஐஸ்லாந்தின் புளித்த சுறா, பெருவின் கினிப்பன்றி, துரியன் பழம். சொந்த நாட்டின் புளித்த ஹெர்ரிங் மீனையும் சேர்த்தே வைத்தார்கள். அருவருப்பு என்பது பழக்கம்தான், அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்பது அவர்கள் விளக்கம். சரிதான். ஆனா தீர்ப்பத்தான் சீட்டுலயே அடிச்சுக் கையில குடுத்தாச்சே!

பெருவின் குஸ்கோ பேராலயத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. மார்க்கோஸ் ஸபாத்தா வரைந்த கடைசி இராவுணவு. இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது இதே கினிப்பன்றி என்கிறார்கள். ஆண்டீஸ் மலைமக்களுக்கு அது விருந்துக்கறி, மால்மோவில் குமட்டல். பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

நமக்கு இது புதுசில்லை. நம் மாட்டுக்கறிக்கும் ரத்தப் பொரியலுக்கும் மூக்கைப் பொத்தியவர்கள் அதன் பக்குவத்தை ஒருநாளும் கேட்டதில்லை. எந்தப் பசியில், எந்தக் கொண்டாட்டத்தில் அது உருவானது என்று கேட்காதவரை 'விநோத உணவு' வெறும் வேடிக்கைதான். ருசி பாக்க வர்றவங்க மொதல்ல எங்ககூடப் பந்தியில உக்காரட்டும்.