பகைவன் கழுத்துச் சின்னம்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கற்பனை ஆட்டத்தின் முதல் பதிப்பில், வாளும் கயிறும் தீப்பந்தமும் இருந்த விலைப்பட்டியலிலேயே சிலுவையும் இருந்தது. மரத்தில் செய்தது 2 பொன், வெள்ளியில் செய்தது 25 பொன். ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபாங் என்ற ரத்தக்காட்டேரி யாருக்கும் அடங்காமல் வளர்ந்துவிட்டான். அவனை எதிர்க்க உருவான பாத்திரம்தான் கிளெரிக் எனும் போர்ப் பூசாரி. அவர் சின்னத்தை உயர்த்திப் பிடித்தால் நடமாடும் பிணங்கள் பின்வாங்கும். இப்படி வழிபாட்டுப் பொருள் அந்த ஆட்டத்துக்குள் ஒரு கருவியாக, விலையோடு வந்தது. நம்மவர் சின்னத்துக்கு விலை உண்டென்றால் எதிரிப் பூசாரியின் கழுத்தில் தொங்குவதற்கும் உண்டு.

பழைய விதிகளில், குகையிலிருந்து மீட்டுவரும் ஒவ்வொரு பொன்னுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால்தான் பாத்திரம் வளரும் என்பதால், விழுந்த எந்த உடலையும் யாரும் துழாவாமல் விட்டதில்லை. ‘வெள்ளிச் சின்னம், 25 பொன்’ என்று வாசித்துவிட்டு, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அடுத்த அறைக்குப் போகும்போது எனக்கு மனம் பொறுக்காது. ரத்தினம் கிடைத்தால் விற்கலாம், மந்திர வாள் கிடைத்தால் ஏந்தலாம். இரண்டிலும் பேச அதிகம் ஒன்றுமில்லை. பகைவன் தொழுத பொருள் கைக்கு வந்தால், மேசையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பாத்திரமும் தான் எதை நம்புகிறது என்று வாய் திறந்தாக வேண்டும். ஆட்டத்தில் வேறெந்தப் புதையலும் இதைச் செய்வதில்லை.

கைகாக்ஸுக்கு இது தெரிந்திருந்தது. அவர் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ சாகசம் புதியவர்களுக்கான பெட்டியோடு வந்ததால் ஒரு தலைமுறையே அதில்தான் ஆடிப் பழகியது. அதன் குகைகளுக்குள் தீயோரின் கோயில் ஒன்று. பீடத்தின் மேல் பழைய வெண்கலப் பாத்திரங்கள், கிண்ணங்களில் பெரிய ரத்தினங்கள். புதிய ஆட்டக்காரனின் கண் அங்கேதான் போகும். எடுத்தவனுக்கு அவற்றைக் கீழே வைக்க மனம் வராது. பகடை கைவிட்டால் ஆறு நாட்களுக்குள் அவன் தீமையின் ஊழியனாகி, பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே காவல் நிற்பான். திருடப் போனவன் அந்தக் கோயிலுக்கே காவலனாகிறான்! இந்தத் திருப்பத்தின் கச்சிதம் இன்றும் என்னை மயக்குகிறது.

இதற்கு மிகப் பழைய முன்னோடி விவிலியத்தின் சாமுவேல் முதல் நூலில் இருக்கிறது. இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பேழையைப் பெலிஸ்தர் கைப்பற்றி அஸ்தோத்தில் தாகோன் கோயிலில் வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் தாகோன் சிலை முகங்குப்புற விழுந்து கிடக்கிறது. மறுநாள் தலையும் கைகளும் துண்டாகிக் கிடக்கின்றன. ஊரில் நோய் பரவுகிறது. பேழையை ஊர் ஊராக மாற்றிப் பார்த்தும் தாங்காமல், ஏழு மாதம் கழித்துப் பொன்னால் செய்த காணிக்கைகளோடு திருப்பி அனுப்புகிறார்கள். கொள்ளைப் பொருளை என்ன செய்வதென்று பெலிஸ்தத் தலைவர்கள் கூடிக் கூடி விவாதிக்கும் இடங்கள் இருக்கின்றனவே, நல்ல ஆட்ட மேசையில் நடப்பதும் அதே விவாதம்தான். கைகாக்ஸின் சாபம் எத்தனை கச்சிதமானாலும் அதில் எனக்கு ஒரு குறை உண்டு. பகடை முடிவைப் பறித்துக்கொள்கிறது, ஆட்டக்காரருக்குப் பேச வாய்ப்பில்லை.

சாபமே இல்லாத சின்னம் இன்னும் கூர்மையானது. இந்த ஆட்டத்தின் கிரேஹாக் உலகில் ஹெக்ஸ்டர் என்றொரு கொடுங்கோன்மைத் தெய்வம், ஆறு கைகள் கொண்டவன். விசிறியாக விரிந்து கீழ்நோக்கும் ஆறு அம்புகள் அவன் சின்னம். அவனுடைய அரைச் சகோதரன் வீரத்தின் தெய்வமான ஹைரோனியஸ். இப்போது ஹைரோனியஸை வணங்கும் பாலடின் எனும் புனித வீரன் ஒருவன், தான் வீழ்த்திய ஹெக்ஸ்டர் பூசாரியின் வெள்ளிச் சின்னத்தைக் கையில் வைத்திருக்கிறான் என்று கொள்ளுங்கள். கூட இருக்கும் திருடனுக்கு அது நாளை பகைவர் கோட்டை வாசலில் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு. போர்வீரனுக்கு உருக்கினால் வெள்ளி. கிளெரிக்குக்கு இன்றே நெருப்பில் போட வேண்டிய பொருள். பாலடினுக்கோ அது தன் தெய்வத்தின் சகோதரன் அடையாளம். உடைப்பதா, கழுத்தில் மாட்டி வேடம் போடச் சம்மதிப்பதா, செத்தவனோடு புதைப்பதா? நகரத்துத் தட்டான் அதைத் தொடுவானா என்பது தனிக் கேள்வி. தொட மறுத்தால் அந்த ஊர் யாருக்குப் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும். உடனே நல்ல விலை கொடுத்தால் அவன் வாடிக்கையாளர் யார் என்று தேட வேண்டியிருக்கும்.

வெக்னா என்ற தீய மந்திரவாதியின் கையும் கண்ணும் இந்த வகையின் உச்சம் என்பார்கள். 1976இலேயே ஆட்டத்துக்குள் வந்துவிட்டவை. அணிய வேண்டுமானால் தன் கையை வெட்ட வேண்டும், தன் கண்ணைத் தோண்ட வேண்டும். பயங்கரமான கற்பனைதான். ஆனால் அது பேரரசர்களுக்கும் பேராசைக்காரர்களுக்கும் உரியது. சாதாரணச் சின்னத்தின் நுட்பம் அதில் இல்லை.

2014 பதிப்பில் சின்னம் தாயத்தோ கேடயத்தில் பொறித்ததோ பேழையோ எல்லாம் ஒரே விலை, 5 பொன். பொன்னுக்குப் புள்ளி தரும் வழக்கமும் பின்னுக்குப் போய்விட்டது. ஆகவே இன்றைய மேசைகளில் பலர் அதைக் குனிந்து எடுப்பதுகூட இல்லை. அதை எடுக்க வைப்பது டஞ்சன் மாஸ்டரின் கைத்திறம். ஹெக்ஸ்டர் சின்னத்தின் அம்புகளில் ஒன்று மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழத்திருக்கலாம். அறுந்த சங்கிலியைச் சாதாரண நூலால் முடிந்திருக்கலாம். பின்பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் ஒரு பெயர் கீறியிருக்கலாம். இவற்றை முதலில் சொல்ல வேண்டும். விலையை யாராவது கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.