கட்டை போடுகிறவரின் கணக்கு

ராஜபாளையம் நாய் பாய்வதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் நகர்வதற்கும் விதி ஒன்றுதான்: விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். நாய்க்கு உடம்பு லேசு; பின்னங்காலால் ஓர் உந்து, கண் இமைப்பதற்குள் முழு வேகம். தேர் அப்படியல்ல. அதன் வேகம் பிறந்து வளர்வதை நின்று நிதானமாக ரசிக்கலாம்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளியதும் வடம் பிடிக்கிறார்கள். வடம் விறைக்கிறது; தேர் அசையவில்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பலம் வீண்தான். 'கோவிந்தா' கோஷத்தில்தான் அத்தனை கைகளும் ஒரே நொடியில் சேர்கின்றன. நின்ற சக்கரத்தைக் கிளப்பத்தான் பெரும்பாடு. உருண்டுவிட்டால் தடை குறையும், இழுப்பு குறையாது. மிஞ்சுகிற விசை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். நூறு டன் தேர் என்று வைத்துக்கொள்வோம். தடை போக 10,000 நியூட்டன் மிஞ்சினால், வேகம் நொடிக்கு நொடி 10 செ.மீ. கூடும், பத்தே நொடியில் நம் நடை வேகம் வந்துவிடும்.

கூட்டம் கலசத்தைப் பார்த்துக் கும்பிடும் அந்த நேரத்தில் என் கண் சக்கரத்தடியில் இருக்கும். அங்கே ஒருவர் சறுக்குக்கட்டையும் கையுமாகக் குனிந்தபடி கூடவே நடக்கிறார். உருளும் விளிம்புக்கு முன்னால் கட்டையைச் செருகிவிட்டுச் சட்டென விலகுகிறார். சக்கரம் கட்டைமேல் ஏற, வேகம் உயரமாக மாறித் தீர்ந்துபோகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தேரின் எடைமையம் 5 செ.மீ. உயர்ந்தாலே போதும், தேர் நின்றுவிடும். உராய்வு வேறு கைகொடுக்கிறது. பத்து டன்னானாலும் நூறு டன்னானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு, 20 செ.மீ. உயர வேண்டும். அத்தனை உயரம் ஏறினால் தேரே ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் வேகத்தை முளையிலேயே கிள்ளுகிறார்கள்.

ரதவீதி முனையில் வித்தை இன்னும் நுட்பம். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை விழுகிறது. அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் உருள, தேர் திரும்புகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் தேரோடும் ஊர்களில் கட்டை போடுகிறவருக்கு வேலை போய்விடவில்லை.

அடுத்த ஆடிப்பூரத்துக்குப் போனால் வடத்தைவிட்டுத் தள்ளி, வீதி முனையில் நில்லுங்கள். தேர் நிற்கும்போது மட்டும் கலசத்தை அண்ணாந்து பாருங்கள். அது எவ்வளவு குறைவாக ஆடுகிறதோ, கீழே கட்டை அவ்வளவு சரியான நொடியில் விழுந்திருக்கிறது.