ஒரு மெல்லிய இழுப்பு

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற நாங்கள், அதை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்ட பின்னும் நம்பமாட்டார். மீற்றரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, அது ஒழுங்காகச் சொல்கிறதா என்று உறுதிசெய்த பிறகே பெட்டிக்குள் கொண்டுபோவார். பெட்டிக்குள் இருக்கும் 35 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் கட்டுப்பாட்டு மொடியூல் ‘டக்’ என்று வந்து உட்காரும் சத்தத்தில் ஒரு திருப்தி.

ஆனால் அழகெல்லாம் வயரில்தான். தோலை உரிக்கும்போது ஒரு செப்பிழைகூட அறுபடக் கூடாது. இழைகளைச் சேர்த்துச் சின்ன உலோகக் குழலுக்குள் செருகி, கருவியால் நசுக்கி, ஸ்குரூவை இறுக்கியதும் மெல்ல ஓர் இழுப்பு. கழன்று வரவில்லையா, அடுத்தது. 24 வோல்ட் வயர்கள் ஒரு பக்கம், 230 வோல்ட் மறுபக்கம், வகிடெடுத்துப் பின்னிய கூந்தல்போல. ஒவ்வொரு முனையிலும் இலக்கம். பிறகொரு நாள் டோர்ச்சுடன் வந்து பிழை தேடப்போகிறவருக்கான மரியாதை அது. கரையோர உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும் என்பதால், வயர் நுழையும் துவாரங்களின் இறப்பர் வளையங்களையும் எலக்ட்ரீஷியன் விரலால் தடவிப் பார்க்கிறார். கதவை மூடினால் எல்லாம் மறைந்துவிடும். எனக்கென்றால், கண்ணாடிக் கதவு போட்டிருக்கலாம்.